தரவுத்தளச் சர்வரின் தாமதமும் அதனை ஆராயும் முறையும்

முன்னாளில் கல்லூரியின் மதிப்பெண்களும் கட்டணக் கணக்குகளும் தடித்த பேரேடுகளில் எழுதப்பெற்று அலுவலக அலமாரியில் வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்குங்கால் மற்றவர் அருகே நின்று காத்திருப்பர். எவர் பொருட்டுக் காத்திருக்கின்றோம் என்பது அவர்க்கு நன்கு தெரியும். இந்நாளில் அப்பேரேட்டின் இடத்தைத் தரவுத்தளம் பெற்றுவிட்டது. நூற்றுக்கணக்கானோர் ஒரே கணத்தில் அதனைப் புரட்டுகின்றனர். காத்திருத்தல் இன்றும் உண்டு. ஆனால் யார் பொருட்டு, எதன் பொருட்டு என்பது கண்ணுக்குப் புலனாவதில்லை.

தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒரு காலைப்பொழுதை எண்ணிப் பார்ப்போம். பத்து மணிக்கு முடிவு தெரியுமென்று அறிவித்தாயிற்று. மாணவர் யாவரும் தத்தம் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரையை நோக்கியிருக்கின்றனர். சக்கரம் சுழல்கின்றது, முடிவு வந்தபாடில்லை. மேற்படிப்பிற்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாளாயின் ஒரு மாணவனது நெஞ்சு படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? அலுவலகத்திலோ, “சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்குக” என்பார் ஒருவர். “இதனினும் பெரிய சர்வர் வாங்குக” என்பார் மற்றொருவர். சர்வர் அக்கணத்தில் யாது செய்துகொண்டிருக்கின்றது என்று கேட்பார் அரியர். அக்கேள்வியைக் கேட்கும் முறையையும், அதற்குக் கிடைக்கும் விடையைப் படிக்கும் முறையையும் மாணவ நேயர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. சர்வரின் தொழில்

தரவுகளை அட்டவணைகளாக அமைத்து வினவும் முறைக்கு அடிகோலியவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்பவர். அவரது புகழ்பெற்ற கட்டுரை 1970ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்முறையைத் தழுவி எழுந்த தரவுத்தளங்கள் பல. அவற்றுள் ஒன்று, அமெரிக்க நாட்டின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியினின்று தோன்றியது. 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பூண்டு, எவரும் விலையின்றிப் பெற்றுப் பயிலத்தக்கதாய் விளங்குகின்றது. அதனையே ஈண்டுச் சான்றாகக் கொள்வாம். பெயர் நீண்டதாகலின் போஸ்ட்கிரெஸ் என்றே சுருக்கி வழங்குவாம்.

இச்சர்வர் தரவுகளை 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுத்து டிஸ்க்கில் வைக்கின்றது. வினவல் ஒன்று வந்தவுடன், அதற்கு வேண்டிய பக்கம் நினைவகத்தில் உளதா என்று நோக்கும்; இன்றேல் டிஸ்க்கினின்று கொணரும். ஒரு மாற்றம் செய்து முடிந்ததென உறுதி கூறுமுன், அம்மாற்றத்தின் குறிப்பைத் தனியானதொரு நாட்குறிப்பில் எழுதி, அது டிஸ்க்கில் பதிந்ததைத் தெளிந்துகொள்ளும். இருவர் ஒரே வரியை ஒருங்கே மாற்ற முயல்வரேல், ஒருவரை நிறுத்தி மற்றவர்க்கு இடந்தரும். இதனைப் பூட்டு என்பர். ஆகவே ஒரு வினவலுக்குச் செல்லும் காலம் இருவகைத்து. உழைக்கும் காலம் ஒன்று. பிராசஸருக்கோ டிஸ்க்கிற்கோ பூட்டிற்கோ காத்திருக்கும் காலம் மற்றொன்று. தாமதத்தை ஆராய்தலாவது, இவ்விரண்டனுள் எது மிக்கது, அது மிகுந்ததற்குக் காரணம் யாது எனக் காண்டலேயாம்.

2. காத்திருத்தலின் கணக்கு

“நேற்றுவரை நன்றாயிருந்தது, இன்று திடீரென்று நின்றுவிட்டது” என்று பலர் கூறக் கேட்கின்றோம். இது வியப்பிற்குரியதன்று. டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்பார், தொலைபேசி அழைப்புகள் வரும் முறையைப் பற்றி 1909ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனின்று வளர்ந்த கணிதம் இதற்கு விடை தருகின்றது. வருவோர் ஒழுங்கின்றி வந்து, ஒவ்வொருவரது வேலையும் வெவ்வேறு அளவினதாய், வேலை செய்வோன் ஒருவனேயாயின், அவன் பாதிப்பொழுது உழைக்கையில் வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் இயல்பினும் 2 மடங்காகும். நூற்றுக்கு 80 பங்கு உழைக்கையில் 5 மடங்கு. 90 பங்கிற்கு 10 மடங்கு. 95 பங்கிற்கு 20 மடங்கு. பாரம் 80இலிருந்து 95ஆக உயர்தல் சிறிதே. காத்திருத்தலோ நான்கு மடங்காய் வளர்கின்றது. உண்மைச் சர்வரில் வேலை செய்வோர் பலராதலின் எண்கள் சிறிது வேறுபடினும், வளைவின் போக்கு இதுவே. முழுப்பாரத்தை நெருங்கிய சர்வரை ஒரு சிறு மிகை நிலைகுலையச் செய்யும்.

இதனோடு அறியத்தக்க விதி மற்றொன்றுண்டு. ஜான் லிட்டில் என்பார் 1961இல் நிறுவியது அது. ஓரிடத்தில் ஒரு வேளையில் இருப்போரின் சராசரித் தொகை, வருகையின் வேகத்தை ஒவ்வொருவரும் தங்கும் காலத்தாற் பெருக்கியதற்குச் சமம். நொடிக்கு 50 வினவல்கள் வந்து, ஒவ்வொன்றும் 0.2 நொடியில் முடியுமாயின், சர்வரினுள் எக்கணத்தும் 10 வினவல்களே இருக்கும். யாதானும் ஒரு காரணத்தால் ஒவ்வொன்றும் 2 நொடி எடுக்குமாயின் அத்தொகை 100 ஆகும். போஸ்ட்கிரெஸ் தானாக அனுமதிக்கும் இணைப்புகளும் 100 தாம். அவற்றுள்ளும் 3 இடங்களை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கும். எஞ்சியவை நிறைந்தபின் வருவோர் வாயிலிலேயே திருப்பப்படுவர். இணைப்புகளின் தொகையைக் கூட்டினாற் போதும் என்று கருதுவார் உளர். இணைப்புகள் நிறைந்தது நோயின் குறியேயன்றி நோயன்று, 0.2 நொடி 2 நொடியானது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்கது. நிர்வாகிக்கென ஒதுக்கிய அம்மூன்று இடங்களும் அவ்வாராய்ச்சிக்கு உள்ளே புகும் வழி என்க.

3. நலமுள்ள நாளின் குறிப்பு

உடல் நலத்தோடிருக்கையில் நாடி எத்துணை என்று அறியாதவன், சுரம் வந்த நாளில் நாடியை எண்ணி யாது பயன்? சர்வரும் அத்தகைத்தே. ஆதலின் கண்காணிப்பு என்பது நோய் வருமுன்னரே தொடங்கவேண்டுவதொன்று. நாள்தோறும் குறித்து வைக்கவேண்டியவை அதிகமில்லை: நொடிக்கு எத்துணை வினவல்கள்; அவை முடிய ஆகும் காலம்; இணைப்புகளின் தொகை; பிராசஸரின் உழைப்பு; டிஸ்க்கில் படித்தல் எழுதுதலின் வேகம்; டிஸ்க்கில் எஞ்சியுள்ள இடம்; நகல் சர்வர் இருப்பின் அது மூலச் சர்வருக்கு எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பது.

இவற்றைக் குறிக்குங்கால் சராசரியை மட்டும் நம்பலாகாது. 100 வினவல்களுள் 99 வினவல்கள் 10 மில்லி நொடியில் முடிந்து, ஒன்று மட்டும் 5 நொடி எடுக்குமாயின், சராசரி ஏறத்தாழ 60 மில்லி நொடியே. ஏட்டில் அது நலமான எண்ணாகவே தோன்றும். அவ்வொரு மாணவனோ 5 நொடி காத்திருந்தான். ஆகலின், நூற்றுக்கு 95 பேர்க்கு இத்துணைக் காலத்துள் விடை கிடைத்தது, 99 பேர்க்கு இத்துணைக் காலத்துள் கிடைத்தது என்று குறித்தலே நேரிய முறை. சராசரியினுள் மறைந்துபோகும் துன்பம் அங்ஙனம் குறித்தால் வெளிப்படும்.

போஸ்ட்கிரெஸ், நெடுநேரம் எடுக்கும் வினவல்களைத் தானாகவே பதிவேட்டில் எழுதாது. இத்துணைக் காலத்திற்கு மேற்பட்டவற்றை எழுதுக என்று நாம் பணித்தல் வேண்டும். ஒவ்வொரு வகை வினவலும் எத்துணை முறை நடந்தது, மொத்தம் எவ்வளவு காலம் கொண்டது என்று தொகுத்துக் காட்டும் ‘பி.ஜி. ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்’ என்னும் துணைக்கருவி ஒன்றும் உண்டு. அதனை முதன்முறை இணைக்கச் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கவேண்டும். முடிவு வெளியாகும் நாளன்று அதற்கு நேரமேது? முன்னரே இணைத்து வைத்தவனுக்கே அது கைகொடுக்கும்.

4. ஆராயும் முறை

இனி, தாமதம் நேர்ந்துவிட்டது என்று கொள்வாம். முதற்கண் தாமதம் சர்வரினிடத்துத்தானா என்று காண்டல் வேண்டும். வலையமைப்பிலோ, இடைநிற்கும் மென்பொருளிலோ குற்றமிருக்க, சர்வரைப் பழித்தல் தகாது. சர்வரிலேயே என்று தெளிந்தபின், ‘பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிட்டி’ என்னும் பட்டியலை நோக்குக. அப்பொழுது இணைந்துள்ள ஒவ்வொருவரும் யாது செய்கின்றனர், எந்த வினவலை எப்பொழுது தொடங்கினர், எதற்காகக் காத்திருக்கின்றனர் என்பவை அதில் வரிவரியாகத் தெரியும். காத்திருத்தலின் காரணத்தைக் குறிக்கும் பகுதி 2016இல் வெளிவந்த 9.6ஆம் பதிப்பு முதல் விரிவாகக் கிடைக்கின்றது. வினவல் நடந்துகொண்டிருக்க அப்பகுதி வெறுமையாயிருப்பின், அது பெரும்பாலும் பிராசஸரில் உழைத்துக்கொண்டிருக்கின்றது எனக் கொள்ளலாம். ‘லாக்’ என்றிருப்பின் பூட்டிற்குக் காத்திருக்கின்றது, ‘ஐ.ஓ.’ என்றிருப்பின் டிஸ்க்கிற்கு. இம்மூன்றும் மூன்று வேறு நோய்கள்; ஒன்றன் மருந்து மற்றொன்றற்கு ஆகாது.

(அ) பூட்டு. ஓர் உதாரணம் கூறுவாம். அலுவலர் ஒருவர் ஒரு மாணவனது மதிப்பெண்ணைத் திருத்தத் தொடங்குகின்றார். மாற்றத்தை எழுதிவிட்டு, அதனை உறுதிசெய்யும் கட்டளையைக் கொடாமலே உணவிற்குச் சென்றுவிடுகின்றார். பட்டியலில் அவர் இணைப்பு ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்று காணும். அஃதாவது, தொடங்கியதை முடியாமல் வாளாவிருத்தல். அவ்வொரு வரியை மாற்ற வருவோர் மட்டுமே இதனால் தடைபடுவர். படிக்க வருவோர்க்குத் தடையில்லை. ஏனெனில் போஸ்ட்கிரெஸ், மாறுமுன் இருந்த வடிவத்தைப் படிப்போர்க்குக் காட்டவல்லது. ஆனால், அதே வேளையில் மற்றொருவர் அவ்வட்டவணையின் அமைப்பையே மாற்றும் கட்டளையைக் கொடுப்பாராயின், அக்கட்டளைக்கு அட்டவணை முழுதும் தனியே வேண்டும். அது முன்னவர் முடிக்கும்வரை காத்து நிற்கும். அதன்பின் வரும் வெறும் படிப்போரும் அதற்குப் பின்னே வரிசையில் நிற்பர். ஓரிரு நிமிடங்களில் நூறு இணைப்புகளும் நிறைந்துவிடும். பிராசஸரோ வேலையின்றிக் கிடக்கும்! இந்நிலையில் பத்து மடங்கு பெரிய சர்வரை வாங்கி வைத்தாலும் பத்து மடங்கு பெரிய சோம்பலே மிஞ்சும்.

எவரால் எவர் தடைபட்டார் என்பதை ‘பி.ஜி. பிளாக்கிங் பி.ஐ.டி.ஸ்’ என்னும் கட்டளை காட்டும். வரிசையின் தலையிலிருக்கும் ஒருவரைக் கண்டு, அவ்வோர் இணைப்பை மட்டும் முறைப்படி முடித்தால் எஞ்சியோர் அனைவரும் விடுபடுவர். தொடங்கிவிட்டு வாளாவிருப்போர்க்குக் கால எல்லை விதித்தலும், அமைப்பை மாற்றும் கட்டளைக்குக் காத்திருக்கும் எல்லை விதித்தலும் பின்னாளில் இந்நோய் வாராமற் காக்கும்.

(ஆ) வினவலின் வழி. மதிப்பெண் அட்டவணையில் 1 கோடி வரிகள் உள்ளன, ஒவ்வொரு வரியும் 100 பைட் எனக் கொள்க. அஃது ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் பக்கங்களில், ஒரு ஜிகாபைட் அளவில் நிறைந்திருக்கும். பதிவெண்ணுக்கு இன்டெக்ஸ் இல்லையேல், ஒரு மாணவனைக் காண அவ்வளவு பக்கங்களையும் புரட்டவேண்டும். இன்டெக்ஸ் இருப்பின், மூன்று நான்கு பக்கங்களிற் கண்டுவிடலாம். இவ்வமைப்பிற்குப் பி-மரம் என்று பெயர். இதனைப் போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றிய ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் என்னும் இருவரும் வகுத்தனர். 1972இல் அவர்தம் கட்டுரை வெளியாயிற்று. ஆயினும் இன்டெக்ஸ் இலவசப் பொருளன்று. புது வரி எழுதுந்தோறும் ஒவ்வோர் இன்டெக்ஸிலும் எழுதவேண்டுமாதலின், வேண்டாத இன்டெக்ஸ்கள் எழுதுதலைத் தாமதிப்பிக்கும்.

சர்வர் எவ்வழியிற் செல்லுகின்றது என்பதை ‘எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்’ என்னும் கட்டளை காட்டும். அதில், இத்துணை வரிகள் வரும் என்று சர்வர் எண்ணியதும், உண்மையில் வந்ததும் அருகருகே காணும். 10 என்று எண்ணிய இடத்தில் 10 லட்சம் வந்திருப்பின், சர்வரின் புள்ளிவிவரம் பழையதாய்விட்டது என்பது பெரும்பான்மையும் பொருந்தும். மிகுதியான தரவுகளை ஒருங்கே ஏற்றியபின் ‘அனலைஸ்’ கட்டளையைக் கொடுத்துப் புள்ளிவிவரத்தைப் புதுக்குதல் நலம். ஓர் எச்சரிக்கை: எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் வினவலை உண்மையாகவே நடத்தும். அழிக்கும் கட்டளையை அதனுட் கொடுத்தால் வரிகள் அழிந்தே போகும்.

எந்த வினவலை முதலில் ஆராய்வது? 30 நொடி எடுக்கும் அறிக்கை ஒன்று நாளுக்கு ஒருமுறை நடக்கின்றது; 20 மில்லி நொடியே எடுக்கும் சிறு வினவல் நாளுக்கு 1 லட்சம் முறை நடக்கின்றது. முன்னதன் மொத்தம் 30 நொடி. பின்னதன் மொத்தம் 2,000 நொடி. கண்ணை உறுத்துவது முன்னது. சர்வரை வருத்துவது பின்னது. ஆதலின் மொத்தக் காலத்தை நோக்கியே முறை வகுக்கவேண்டும்.

(இ) எஞ்சிய கழிவு. மாறுமுன் இருந்த வடிவத்தையும் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் என்றோம். எவர்க்கும் வேண்டாதனவாய்விட்ட அப்பழைய வடிவங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்கு ‘வேக்யூம்’ என்று பெயர். அது தானே நடக்குமாயினும், அட்டவணையின் வரிகளில் ஐந்திலொரு பங்கும் அதற்குமேல் 50 வரிகளும் கழிவானபின்னரே தொடங்குமாறு இயல்பில் அமைந்துள்ளது. 1 கோடி வரிகளுள்ள அட்டவணையில் 20 லட்சத்திற்கு மேல் கழிவு சேரும்வரை அது வாராது. பெரிய அட்டவணைகட்கு இவ்வளவைக் குறைத்தல் தகும். மேலும், உணவிற்குச் சென்ற அவ்வலுவலரது முடியாத மாற்றம், அதற்குப்பின் சேரும் கழிவையும் அகற்றவொட்டாமல் தடுக்கும். ஒருவரது மறதி இரு நோய்களுக்கு வித்தாதல் காண்க.

5. மருந்தே நோயாதல்

நோயறியாது கொடுக்கும் மருந்தால் விளையும் தீங்கு சிறிதன்று. சர்வரை நிறுத்தித் தொடங்குதலையே எடுத்துக்கொள்வோம். பூட்டை வைத்திருந்த இணைப்பு அதனால் அறுபடுதலின் தாமதம் நீங்கும், யாவரும் மகிழ்வர். ஆனால் எவர் எவரைத் தடுத்தார் என்று காட்டிய பட்டியலும் உடன் அழிந்தது. மறுவாரம் அதே நோய் வரும். மீண்டும் அதே அறியாமையோடு நிற்போம். தொடங்கத்தான் வேண்டுமெனினும், அப்பட்டியலைப் பிரதி செய்து வைத்துக்கொண்ட பின்னரே தொடங்குக. அதற்கு அரை நிமிடம் போதும்.

ஓர் இணைப்பை முடிக்க வேண்டுவோர் இயங்குதளத்தின் ‘கில் -9’ என்னும் கட்டளையைக் கையாளுதல் மற்றொரு பிழை. அங்ஙனம் ஒன்றைக் கொன்றால், நினைவகம் பழுதுற்றிருக்கலாம் என்று அஞ்சி, போஸ்ட்கிரெஸ் எஞ்சிய இணைப்புகள் அனைத்தையும் அறுத்துத் தன்னை மீட்டுக்கொள்ளத் தொடங்கும். வரிசைப்படுத்தும் வேலைக்குரிய நினைவகத்தை 4 மெகாபைட்டிலிருந்து 256 ஆக உயர்த்துவோரும் உளர். அவ்வளவு ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே உரியது. 100 இணைப்புகள் ஒருங்கே ஒவ்வொன்று செய்தாலும் 25 ஜிகாபைட் வேண்டும். இல்லாத நினைவகத்தைக் கேட்ட சர்வரை இயங்குதளமே கொன்றுவிடுதல் கூடும்.

இவ்வுண்மையை உலகறியக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் சர்வர் 2017 ஜனவரி 31ஆம் நாளில் பெரும்பாரத்திற்கு உள்ளாயிற்று. நகல் சர்வர் பின்தங்கிப் பழுதுற்றது. அதனைச் சீர்ப்படுத்த இரவில் முயன்ற பொறியாளர் ஒருவர், நகல் சர்வரில் அழிப்பதாக எண்ணி மூலச் சர்வரின் தரவுகளையே அழிக்கத் தொடங்கினார். தவறு என்று உணர்ந்து நிறுத்துமுன் ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய், 4.5 ஜிகாபைட்டே எஞ்சிற்று. காப்புப் பிரதிகளை நாடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி, மென்பொருட் பதிப்பு வேறுபட்டமையால் எடுக்கப்படாமலே இருந்தது. அக்குறையை அறிவிக்கவேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குமுன் எடுத்த பிரதியொன்று இருந்ததால் மீண்டனர். அவ்வாறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 பணித்திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் பாதிப்புற்றன. அந்நிறுவனத்தார் இவையனைத்தையும் மறையாது எழுதி வெளியிட்டனர். அதனாலன்றோ நாமும் அதனின்று கற்கின்றோம்!

இந்நிகழ்ச்சியில் தாமதம் இழப்பை விளைக்கவில்லை. தாமதத்திற்குச் செய்த மருத்துவமே விளைத்தது. ஆகவே மருந்திடுவோர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் சில. எந்தச் சர்வரில் நிற்கின்றோம் என்பதைக் கட்டளையிடுமுன் தெளிக. மீட்டுப் பார்த்து அறியாத காப்புப் பிரதியைப் பிரதியென எண்ணற்க. ஒருகால் ஒரு மாற்றமே செய்க; இரண்டு செய்து குணமாயின், எதனாற் குணமாயிற்று என்பது தெரியாது. செய்ததையும், செய்த நேரத்தையும், முன்னும் பின்னும் கண்ட எண்களையும் எழுதி வைக்க. பயனளிக்காத மாற்றத்தை முன்னிருந்தவாறே திருப்பிவிடுக.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், தாமதத்தை ஆராய்தல் அளந்தும் எழுதியும் பழகிய எவர்க்கும் கைவருவதொரு பயிற்சி என்பது தெளிவாம். சர்வர் தான் செய்வதை மறைப்பதில்லை. எதற்காகக் காத்திருக்கின்றேன் என்று கேட்டார்க்குச் சொல்லும். கேளாது மருந்திடுவோரே அதனை ஊமையாக்குகின்றனர்.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை இத்தகைய சர்வர்களுக்குப் பொறுப்பேற்பீர்கள். அளவையேட்டில் காணும் ஒவ்வொரு நொடியின் பின்னும் ஒருவர் காத்திருக்கின்றார். தேர்வு முடிவை நோக்கும் மாணவரோ, மருத்துவமனையில் தம் தந்தையின் சீட்டை நோக்கும் மகளோ, கட்டணம் செலுத்த நிற்கும் தாயோ அவராகலாம். அவரை நீங்கள் காணமாட்டீர்கள். காணாத அவர் பொருட்டு, நலமுள்ள நாளிலேயே குறிப்பெழுதத் தொடங்குங்கள். இடர் வந்த நாளில் கை முந்துமுன் கண் முந்துக.